முதல் முட்டை வரும் வரையில்

கோழி வளர்த்தல் நமது கிராமங்களுக்குப் புதிதன்று. வாணியம்பாடி, ஆம்பூர் தொடங்கி வேலூர், மேல்விஷாரம், ராணிப்பேட்டை வரையில் பாலாற்றை ஒட்டிய ஊர்களில், புழக்கடையில் பெட்டையும் சேவலும் மேயாத தெரு அரிது. ஆயினும், பத்துக் கோழிகளை ஒரு கணக்கோடு வளர்த்து, அவற்றின் முட்டையால் மாதந்தோறும் கைக்குச் சிறிது பணம் காண வேண்டும் என்று முற்படுவோருக்கு இது புதிய தொழிலே. சங்கத்தில் கடன் பெற்றோ, சர்க்கார் உதவியாகப் பெற்றோ, குஞ்சுகளை வீட்டுக்குக் கொண்டுவரும் அங்கத்தினர் முதலில் அறிய வேண்டிய விஷயம் ஒன்று உண்டு. இத்தொழிலில் நஷ்டமடைவோர் பெரும்பாலும் முட்டை விற்பதில் நஷ்டமடைவதில்லை. முதல் முட்டையைக் காணுமுன்பே நஷ்டமடைந்து விடுகின்றனர்.

இதன் காரணம் எளிதில் விளங்கும். நெல் விதைத்தவர் நாலு மாதத்தில் களத்தைக் காண்கிறார். கன்றோடு கறவை மாடு வாங்கியவர் மறுநாட் காலையிலேயே பாற்செம்பை நிரப்புகிறார். குஞ்சு வாங்கியவரோ ஏறக்குறைய ஆறு மாதம் தீனியும் தண்ணீரும் காவலும் கொடுத்துக்கொண்டேயிருக்க வேண்டும். வரவு ஒரு காசும் இராது. அந்த ஆறு மாதத்திற்குள் கழிச்சல் நோய் வருகிறது, கீரி வருகிறது, கடனின் முதற்றவணையும் வருகிறது. பொறுமை இழந்தவர், இன்னும் மூன்று வாரத்தில் முட்டையிட இருக்கும் விடைக்கோழியைக் கறிக்கு விற்றுவிடுகிறார். இவ்வாறு நேராமல் அந்த ஆறு மாதத்தை எவ்வாறு நடத்துவது என்பதே இங்கே கூறப்படுகிறது.

ஆறு மாதக் கணக்கு

முதற்கண் கணக்கைப் பார்ப்போம். வெள்ளை லெகார்ன் போன்ற முட்டைக்கென்றே பெருக்கப்பட்ட சாதிக் கோழிகள் நல்ல பராமரிப்பில் ஐந்தாம் மாதத்திலேயே முட்டையிடத் தொடங்கும். நந்தனம் கோழி, கிராமப்பிரியா முதலிய மேம்படுத்தப்பட்ட புழக்கடை இனங்கள் ஆறு மாத அளவில் தொடங்கும். நமது சிறுவிடையும் பெருவிடையும் ஆறு முதல் ஏழு மாதம் எடுத்துக்கொள்ளும். அசில் இனம் சண்டைக்கும் கறிக்கும் பேர் போனதேயன்றி முட்டைக்கு அன்று. நாட்டுக்கோழி ஆண்டுக்கு 50 முதல் 80 முட்டைகளே இடும் என்பதையும் மனத்திற் கொள்ள வேண்டும். மேம்படுத்திய இனம் அதற்கு இரண்டு பங்கு இடக்கூடும். ஆனால் தீனியும் கவனிப்பும் அதற்கேற்ப அதிகம் கேட்கும்.

பால் பிரிக்காத 20 குஞ்சுகள் வாங்கினால், அவற்றில் ஏறக்குறைய 10 சேவல்கள். மீந்த 10 பெட்டைகளில் இரண்டு நோயிலோ பருந்திலோ போகுமென்று வைத்துக்கொள்ளலாம். ஆக, முட்டைக்கு நிற்பவை எட்டு. 20 குஞ்சு வாங்கியவர் 20 கோழியின் முட்டையை எதிர்பார்த்தால் ஏமாற்றமே மிஞ்சும்.

தீனியைப் பார்க்கலாம். முதல் 8 வாரங்களில் குஞ்சொன்று ஏறக்குறைய ஒன்றரைக் கிலோ தீனி தின்னும். 20 குஞ்சுக்கு 30 கிலோ. அதன் பின், புழக்கடையில் மேய்வது போக விடைக்கோழி ஒன்றுக்கு நாளைக்கு 50 கிராம் கையால் கொடுக்க வேண்டும். எட்டுக் கோழிக்கு நாளைக்கு 400 கிராம். 18 வாரத்திற்கு 50 கிலோ. எனவே, 80 கிலோ தீனி செலவான பிறகே முதல் முட்டை கண்ணிற்படும். எட்டு வாரத்திற்குப் பின் சேவல்கள் தின்னும் தீனி இதில் சேரவில்லை. அவற்றை ஐந்தாறு மாதத்தில் விற்ற பணம் அதற்கு ஈடாகி, மேலும் சிறிது நிற்கும். அங்கத்தினர் தம் ஊர் விலையில் இக்கணக்கைப் போட்டு, அத்தொகை கையில் உண்டா என்று பார்த்த பின்னரே குஞ்சு வாங்குவது உத்தமம்.

எந்தக் குஞ்சு, எந்த மாதம்

சைக்கிளிலும் சந்தையிலும் சிவப்பு, பச்சை, ரோஜா நிறச் சாயம் தோய்த்த குஞ்சுகளை மலிவாக விற்பதைக் காண்கிறோம். அவற்றுள் பெரும்பாலானவை முட்டைக்கோழிக் குஞ்சு பொரிக்கும் பண்ணைகளில் பெட்டைகளைப் பொறுக்கி எடுத்த பின் ஒதுக்கப்பட்ட சேவற் குஞ்சுகள். அவற்றை எத்தனை மாதம் வளர்த்தாலும் முட்டை வராது. லெகார்ன் சேவலாதலின் கறியும் அதிகம் வைக்காது. குழந்தைகளின் விளையாட்டுக்கு வாங்கி, பிறகு முட்டைக்குக் காத்திருப்பது வீண் செலவு.

முதன்முறை வளர்ப்பவர் நாள் குஞ்சு வாங்குவதைவிட, நாலு வாரமோ எட்டு வாரமோ ஆன, தடுப்பு மருந்து போட்ட குஞ்சுகளை நம்பகமான பண்ணையிலிருந்து வாங்குவது நன்று. நாள் குஞ்சுக்கு முதல் வாரம் 35 டிகிரி சென்டிகிரேடு அளவு சூடு வேண்டும். வாரத்திற்கு வாரம் மூன்று டிகிரி வீதம் குறைத்து வர வேண்டும். குஞ்சுகள் விளக்கின் கீழ் ஒன்றன்மேல் ஒன்று நெருங்கினால் சூடு போதவில்லை என்றும், விளக்கை விட்டு ஓரத்தில் வாய் திறந்து நின்றால் சூடு அதிகமென்றும் அறிக. தாய்க்கோழியின் இறகுக்குள் வளரும் குஞ்சுக்கு இத்தொல்லை இல்லை. ஆனால் குஞ்சோடு திரியும் தாய் அத்தனை நாளும் முட்டையிடாது.

மாதத்தைப் பொறுத்தவரை, ஆடி, ஆவணியில் பொரித்த குஞ்சு நம் பக்கத்திற்கு மிகவும் ஏற்றது. இது தை, மாசியில் முட்டைப் பருவத்தை அடையும். கோழியின் முட்டையுறுப்புகளை எழுப்புவது பகல் வெளிச்சம். நம் பக்கத்தில் மார்கழியில் பகல் ஏறக்குறைய 11¼ மணி நேரம். ஆனியில் ஏறக்குறைய 13 மணி நேரம். பகல் வளர்ந்துகொண்டு போகும் தை மாதத்தில் பருவமடையும் கோழி தடையின்றித் தொடங்கும். வேலூரின் சித்திரை வெயில் வருமுன் ஒரு சுற்று முட்டையும் தந்துவிடும். பகல் சுருங்கும் ஐப்பசி, கார்த்திகையில் பருவமடையும் கோழி சில வாரம் தாமதிக்கும். தாமதத்தைக் கண்டு கோழியை மலடென்று தள்ளலாகாது. ஆடிக் குஞ்சுகளோடு வளர்ந்த சேவல்களை, கறி விலை தணியும் கார்த்திகையில் விற்காமல் பொங்கல் வரை வைத்திருப்பதே அனுகூலம்.

தண்ணீரும் மேயும் இடமும்

மற்ற ஜில்லாக்களில் கோழி வளர்ப்பவர் அதிகம் கவலைப்படாத ஒரு விஷயம் நமக்கு முதன்மையானது. அது தண்ணீர். பச்சைத் தோல் அழுகாமலிருக்க அதற்கு உப்பிடுகிறார்கள். பதனிடுமுன் தோலை ஊறவைக்கும்போது அவ்வுப்பு கரைந்து கழிவு நீரோடு போகிறது. பல ஆண்டுகளாக நிலத்தில் இறங்கிய அந்த உப்பு நம் பக்கத்துக் கிணறுகள் பலவற்றைக் கெடுத்துள்ளது. வேலூர்க் குடிமக்கள் நல மன்றம் தொடுத்த வழக்கில் உச்ச நீதிமன்றம் 1996-ஆம் ஆண்டு ஆகஸ்டு 28-ந் தேதி அளித்த தீர்ப்பு, தோல் பதனிடும் வட்டாரத்தில் ஏறக்குறைய 35,000 ஹெக்டேர் விளைநிலம் பகுதியாகவோ முழுமையாகவோ சாகுபடிக்கு உதவாததாயிற்று என்ற வேளாண்மைப் பல்கலைக்கழகக் கணக்கெடுப்பை எடுத்துக்காட்டியிருக்கிறது.

பயிருக்கு ஆகாத தண்ணீர் கோழிக்கும் ஆகாது. லிட்டருக்கு 1,000 மில்லிகிராம் வரை உப்புகள் கரைந்த தண்ணீர் கோழிக்குத் தீங்கற்றது. அதற்கு மேற்பட்டால் எச்சம் நீர்த்துப் போகும்; 3,000-க்கு மேற்பட்டால் வளர்ச்சி குன்றும், சாவு கூடும். குஞ்சுகளே முதலில் பாதிக்கப்படும். முட்டையிடும் கோழிக்கு உப்புத் தண்ணீர் கொடுத்தால் ஓடு மெலிந்து, கையில் எடுக்கும்போதே உடையும். ஈரமான எச்சத்தைக் கண்டு நோய் என்றெண்ணி மருந்து வாங்குவோர், முதலில் தண்ணீரைச் சோதிக்க வேண்டும். குடிநீர் வடிகால் வாரியத்தின் ஜில்லா ஆய்வுக்கூடத்தில் கிணற்றுத் தண்ணீரைக் கொடுத்துப் பரிசோதிக்கலாம். வீட்டார் குடிக்காத தண்ணீரைக் கோழிக்கும் வைக்கலாகாது என்பது பொது விதி. எட்டுக் கோழிக்கு நாளைக்கு இரண்டு லிட்டரே போதும். கோடையில் அதைப்போல் இரண்டு பங்கு. குடிநீர்க் குழாயில் பிடித்த தண்ணீரில் இதற்கு ஒதுக்குவது பெரிதன்று. மண்சட்டியில் நிழலில் வைத்து, காலை மாலை மாற்றுக.

மேயும் இடமும் அவ்வாறே. கோழி மண்ணைக் கிளறி, மண்ணோடு சேர்த்தே இரை எடுக்கும் பட்சி. மண்ணிலுள்ள ஈயம் போன்ற உலோகங்கள், மேயும் கோழியின் முட்டையில் வந்து சேர்வது பல நாடுகளில் அறியப்பட்டிருக்கிறது. தோல் பதனிடும் சாலைகளின் கழிவுக் கால்வாய், தோலிலிருந்து தட்டிய உப்புக் குவியல், குரோமியம் ஏற்றிய தோலைச் சீவிய தூள் ஆகியவை உள்ள இடத்தில் கோழியை விடவே கூடாது. வீடு அத்தகைய இடத்தருகே இருக்குமாயின், வலைவேலி கட்டி உள்ளேயே வளர்க்க வேண்டும். தோலில் சுரண்டிய சவ்வும் சீவல் தூளும் புரதம் மிக்கவை, மலிவானவை என்று கூறி அவற்றைத் தீனியில் சேர்க்கச் சொல்வோரும் உண்டு. வங்காள தேசத்தில் டாக்கா நகரத்து ஹசாரிபாக் தோல் கழிவைக் கோழித் தீனியாக்கும் வழக்கம் பரவி, கறியிலும் முட்டையிலும் குரோமியம் சேர்வதாகக் கண்டதன் பேரில், 2011-ஆம் ஆண்டு அந்நாட்டு உயர் நீதிமன்றம் அதைத் தடுத்து ஆணையிட்டது. தம் பிள்ளைகள் உண்ணும் முட்டை என்ற நினைவு அங்கத்தினர்க்கு இருப்பின், இம்மலிவை நாட மாட்டார்கள்.

கழிச்சல் நோய்

முட்டைக்கு முந்தைய ஆறு மாதத்தில் கூண்டைக் காலியாக்கும் பெரும் பகை வெள்ளைக் கழிச்சல். வெள்ளையும் பச்சையுமாகக் கழிதல், இறக்கை தொங்குதல், வாய் திறந்து மூச்சு வாங்குதல், கழுத்துத் திருகுதல் ஆகியவை இதன் அடையாளங்கள். தடுப்பு மருந்து போடாத கோழிகளில் இது புகுந்தால் ஏறக்குறைய எல்லாவற்றையும் கொண்டுபோகும். வந்த பின் மருந்தில்லை.

இதனை ராணிக்கெட் நோய் என்பார்கள். நம்மில் சிலர் இதை ராணிப்பேட்டை நோய் என்று எண்ணுவது தவறு. இது 1926-இல் ஜாவாத் தீவிலும் இங்கிலாந்தில் நியூகாஸில் நகரத்தருகிலும் கண்டறியப்பட்டது. அடுத்து இந்தியாவில் குமாவுன் மலையிலுள்ள ராணிக்கெட் என்னும் ஊரில் காணப்பட்டமையால் அப்பெயர் பெற்றது. நமது ராணிப்பேட்டைக்கு இந்நோயோடுள்ள உறவு வேறு. 1932-இல் சென்னை மாகாணச் சர்க்கார் அங்கே நிறுவிய சீரம் நிலையமே இன்று கால்நடை நோய்த் தடுப்பு மருந்து நிலையமாக இருந்து, இந்நோய்க்கான தடுப்பு மருந்தையும் தயாரித்து வருகிறது. நோயின் பெயர் மலையிலிருந்து வந்தது. மருந்தோ நம் வீட்டு வாசலிலேயே கிடைக்கிறது. அதைப் போட்டுக்கொள்ளாமல் கோழியை இழப்பது வருந்தத்தக்கது.

முறை வருமாறு. குஞ்சு பொரித்த 5 முதல் 7 நாளுக்குள் கண்ணிலோ மூக்கிலோ ஒரு சொட்டு. நாலாம் வாரத்தில் குடிதண்ணீரில் மறுமுறை. எட்டாம் வாரத்தில் இறக்கையின் கீழ் அரை மில்லி ஊசி. 16 முதல் 18 வாரத்திற்குள் அவ்வூசி மறுபடியும். கடைசி ஊசியை முட்டை தொடங்குமுன் முடித்துவிட வேண்டும். முட்டையிடும் கோழிக்கு ஊசி போட்டால் சில நாள் முட்டை தடைப்படும். மருந்து உயிருள்ள வித்தாதலின், ஐஸில் வைத்தே எடுத்துவர வேண்டும். கலக்கிய இரண்டு மணிக்குள் போட்டு முடிக்க வேண்டும். தண்ணீரில் கொடுக்கும்போது குளோரின் கலந்த குழாய்த் தண்ணீரை உபயோகித்தால் வித்து செத்துவிடும்; கொதித்து ஆறிய தண்ணீரே தக்கது. கால்நடைப் பராமரிப்பு இலாகா ஆண்டுதோறும் பிப்ரவரி மாதத்தை ஒட்டி இரு வார முகாம் நடத்தி இலவசமாகத் தடுப்பூசி போடுகிறது.

இங்கே ஒரு வீட்டாரின் சிரத்தை மட்டும் போதாது. ஒரு வீட்டில் ஊசி போடாத இரண்டு கோழி இருந்தாலும், நோய் முதலில் அங்கே குடி புகுந்து, சந்தைக்குப் போன கூடையோடும் காலோடும் தெரு முழுதும் சுற்றும். ஆகையால், தெரு முழுவதற்கும் ஒரே நாளில் ஊசி போடச் செய்வது சங்கத்தின் வேலை. சந்தையில் புதிதாக வாங்கிய கோழியைப் பதினைந்து நாள் தனியே வைத்துப் பார்த்த பிறகே மந்தையில் விடுக. ஐப்பசி மழையில் கூண்டின் தரை ஈரமானால் இளங்குஞ்சுகளுக்கு இரத்தக் கழிச்சல் வரும். உமியோ மரத்தூளோ பரப்பித் தரையைக் காய்ந்த நிலையில் வைப்பதே அதற்குச் சிறந்த தடுப்பு. இரண்டு மாதத்திற்கொருமுறை பூச்சி மருந்து கொடுக்க வேண்டும். பேன் சேராமல் அடுப்புச் சாம்பலும் மணலும் கலந்த குழியொன்றைப் புரள்வதற்கு அமைத்துவிடலாம்.

தீனியும் சுண்ணாம்பும்

முட்டை விரைவில் வர வேண்டும் என்ற ஆவலால், மூன்றாம் மாதத்திலேயே முட்டைக்கோழித் தீனியைக் கொடுப்பவர் உண்டு. இது பெருந்தவறு. அத்தீனியில் ஓட்டுக்காகச் சுண்ணாம்புச் சத்து அதிகம் சேர்த்திருப்பார்கள். வளரும் கோழிக்கு அது தேவையில்லை. சிறுநீரகத்தைக் கெடுத்து, உள்ளுறுப்புகளில் உப்புப் படியச் செய்து, கொன்றும் விடும். எட்டு வாரம் வரை குஞ்சுத் தீனி. அப்பால் முதல் முட்டையோ 20-ஆம் வாரமோ நெருங்கும் வரையில் வளர்கோழித் தீனி. பிறகே முட்டைத் தீனி. வீட்டில் கலப்பவர் உடைத்த சோளம், கம்பு, கேழ்வரகு, தவிடு ஆகியவற்றோடு ஐந்தில் ஒரு பங்கு கடலைப் பிண்ணாக்கு சேர்க்கலாம். பிண்ணாக்கு பூசணம் பூத்திருந்தால் அதன் நஞ்சு ஈரலைக் கெடுக்கும். மணந்து பார்த்து, காய்ந்ததையே வாங்குக. முருங்கைக் கீரையும் அகத்திக் கீரையும் செலவில்லாத நற்றீனி. கரையானும் புழுவும் கோழி தானே தேடிக்கொள்ளும்.

முட்டையிடத் தொடங்கிய கோழிக்கோ சுண்ணாம்புச் சத்து அவசியம். ஒவ்வொரு முட்டை ஓட்டிலும் ஏறக்குறைய இரண்டு கிராம் கால்சியம் இருக்கிறது. உடைத்த கிளிஞ்சல் அல்லது சுண்ணாம்புக்கல் பொடியைத் தனிச் சட்டியில் வைத்துவிட்டால், கோழி தனக்கு வேண்டிய அளவு தானே பொறுக்கும். சமையலில் மிஞ்சிய முட்டையோட்டைச் சட்டியில் வறுத்து நொறுக்கியும் போடலாம். முழு ஓடாகப் போட்டால் கோழி தன் முட்டையையே கொத்தக் கற்றுக்கொள்ளும். தோல் ஊறிய சுண்ணாம்புக் குழியிலிருந்து எடுத்த சுண்ணாம்பை மட்டும் ஒருபோதும் வைக்கலாகாது. முடி நீக்குவதற்காக அதில் சோடியம் சல்பைடு கலந்திருப்பார்கள், அது நஞ்சு.

முட்டை நெருங்குவதன் அடையாளங்கள்

ஆறாம் மாதம் நெருங்கும்போது அங்கத்தினர் நாட்காட்டியைப் பார்ப்பதைவிடக் கோழியைப் பார்ப்பது மேல். வெளிறிச் சிறுத்திருந்த கொண்டையும் தாடியும் இரத்தச் சிவப்பாகிப் பருக்கும். கையை முதுகின்மேல் கொண்டுபோனால், ஓடுவதற்குப் பதில் இறக்கையைச் சிறிது விரித்துப் பதுங்கும். மூலை முடுக்குகளையும், பானைச் சந்தையும், வைக்கோற்போரையும் எட்டி எட்டிப் பார்க்கும், காரணமின்றிக் கேறும். குதத்தின் இருபுறமும் உள்ள எலும்புகளிடையே முன்பு ஒரு விரல் மட்டுமே அடங்கியிருந்த இடைவெளியில் இப்போது இரண்டு அல்லது மூன்று விரல் அடங்கும். இவ்வடையாளங்கள் தோன்றினால், சில நாள் முதல் மூன்று வாரத்திற்குள் முட்டை வருமென்று கொள்ளலாம். எலும்பு இன்னும் நெருங்கியிருக்கும் கோழியை மிரட்டியும் விரட்டியும் பயனில்லை.

இப்பருவத்தில் கூட்டை ஆயத்தமாக வைக்க வேண்டும். நாலைந்து கோழிக்கு ஒரு கூடு போதும். ஓரடி அகலமும் ஓரடி ஆழமுமுள்ள மரப்பெட்டியோ, வைக்கோல் இட்ட மண்சட்டியோ, இருட்டான மூலையில் தரைக்கு ஓரடி உயரத்தில் இருக்கட்டும். வெள்ளைக் கூழாங்கல் ஒன்றையோ மரத்தில் கடைந்த முட்டையையோ அதில் வைத்தால், மற்றொரு கோழி அங்கே முட்டையிட்டிருப்பதாக எண்ணி விடைக்கோழி அவ்விடத்தை நாடும்.

ஆம்பூர், வாணியம்பாடிப் பக்கத்துப் பெண்களில் மிகப் பலர் காலணித் தொழிற்சாலைகளுக்குக் காலையில் சென்று மாலையில் திரும்புபவர்கள். கோழி பெரும்பாலும் முற்பகலில் முட்டையிடும். வீட்டில் ஒருவரும் இல்லாதபோது வேலியோரத்தில் இட்ட முட்டையைக் காகமும் கீரியும் பாம்பும் பங்கிட்டுக்கொள்ளும். வீட்டாரோ கோழி இன்னும் முட்டையிடவில்லை என்று எண்ணியிருப்பார்கள். ஆகையால், அடையாளங்கள் தோன்றிய நாள் தொட்டு மூன்று வாரம், முற்பகல் முழுதும் கோழிகளைக் கூண்டிலோ வலைவேலிக்குள்ளோ அடைத்து வைத்து, வீட்டிலிருக்கும் பெரியவர் ஒருவர் பதினொரு மணிக்கு மேல் திறந்துவிடுவது நல்ல வழக்கம். ஒருமுறை கூட்டில் பழகிய கோழி பின்பு இடம் மாறுவது அரிது.

முதல் முட்டைகள்

முதலில் வரும் முட்டைகள் சிறியவை. சில 30 கிராமே நிறுக்கும். சிலவற்றில் ஓடு தோல் போல் மெலிந்திருக்கும்; சிலவற்றின்மேல் இரத்தக் கீற்று இருக்கும்; அபூர்வமாக இரண்டு மஞ்சட்கருவும் இருக்கும். உறுப்புகள் வேலைக்குப் பழகும் வரையில் இவை இயல்பே. ஐந்தாறு வாரத்தில் அளவு ஒழுங்குபடும். தோல்முட்டை ஒரு மாதத்திற்கு மேலும் தொடர்ந்தால் தண்ணீரையும் கிளிஞ்சலையும் கவனிக்க வேண்டும்.

நாள்தோறும் ஏன் முட்டை வரவில்லை என்று கேட்பார்கள். ஒரு முட்டை சினைப்பையை விட்டிறங்கி ஓடு கட்டி வெளிவர ஏறக்குறைய 25 மணி நேரமாகும். அதில் ஓடு கட்டுவதற்கே 20 மணி நேரம். ஆகையால் இன்று காலை எட்டு மணிக்கு இட்ட கோழி நாளை ஒன்பதுக்கும் மறுநாள் பத்துக்கும் இடும். இப்படிப் பிந்திப் பிந்தி ஒருநாள் விட்டுப் போகும். மஞ்சட்கரு முற்றிப் பருக்கப் பத்து நாள் அளவு ஆகிறபடியால், இன்று கோழி பட்டினி கிடந்தாலும் நாயால் மிரண்டாலும் அதன் பலன் பல நாள் தொடர்ந்து தெரியும். நாட்டுக்கோழி பன்னிரண்டு, பதினைந்து முட்டை இட்டதும் அடைக்கு உட்காரும். அடை வேண்டாமெனில், வைக்கோல் இல்லாத, காற்றோட்டமுள்ள கம்பிக் கூண்டில் மூன்று நாலு நாள் தீனியும் தண்ணீரும் கொடுத்து வைத்தால் தெளியும். தண்ணீரில் முக்குவதும் மூக்கில் இறகு செருகுவதும் கொடுமையன்றி வேறன்று. விடைக்கோழியின் முதற் சிறு முட்டைகளை அடை வைக்காமல், இரண்டு மாதம் கழிந்த முட்டைகளையே அடைக்கு எடுக்க.

முட்டையிடச் சேவல் அவசியம் என்ற எண்ணம் தவறு. குஞ்சு பொரிக்கவே சேவல் வேண்டும். சேவலோடு கூடிய கோழியின் முட்டையில் கரு உண்டு. நம் கோடையில் அறையின் வெப்பமே அதை வளரத் தூண்டி முட்டையைக் கெடுத்துவிடும். விற்பனைக்கு முட்டை எடுப்பவர் சேவலைப் பிரித்து வைத்தால் முட்டை பல நாள் கெடாது. முட்டையைக் கழுவாமல் துடைத்து, ஈரமணலின்மேல் வைத்த மண்பானையில் இட்டு மூடி வைக்க.

சங்கத்தின் கடமை

முட்டை வந்த பின் அதை விற்பதிலும் கூட்டு முயற்சிக்கு நம் நாட்டில் முன்மாதிரி உண்டு. காட்பாடியில் அமெரிக்க ஆற்காடு மிஷனின் விவசாய நிலையம், இருபதாம் நூற்றாண்டின் முற்பகுதியிலேயே உயர்சாதிக் கோழிகளைக் கிராமங்களில் பரப்ப முயன்றது. மார்த்தாண்டத்தில் கிறிஸ்தவ வாலிபர் சங்கத்தின் கிராம புனருத்தாரண நிலையத்தை நடத்திய ஸ்பென்சர் ஹாட்ச் அவர்கள், வீட்டுக்கு வீடு சேரும் சில முட்டைகளை ஒன்றுசேர்த்து விற்கும் கூட்டுறவு முறையைக் கையாண்டதை 1932-இல் வெளியிட்ட தம் நூலில் விவரித்திருக்கிறார். ஒரு வீட்டின் நாலு முட்டையை வியாபாரி தான் சொல்லும் விலைக்கே வாங்குவான். முப்பது வீட்டின் நூற்றிருபது முட்டையை, ஒளியில் பிடித்துப் பார்த்து, கெட்டதை நீக்கி, தரம் பிரித்து வைத்தால், ஆம்பூர்க் கடைத்தெருவே அவற்றைத் தேடி வரும்.

ஆனால் அந்நாள் வரும் வரையில் அங்கத்தினரைத் தாங்குவதே சங்கத்தின் முதற்கடமை. கோழிக்கடன் கொடுக்கும் சங்கம், குஞ்சின் விலையை மட்டும் கொடுத்துவிட்டு மறுமாதமே தவணை கேட்டால், அங்கத்தினர் விடைக்கோழியை விற்றே தவணை கட்டுவார். கடன் தீரும், தொழில் அழியும். குஞ்சு விலையோடு ஆறு மாதத் தீனிச் செலவையும் கடனில் சேர்த்து, முதற்றவணையை எட்டாம் மாதத்தில் வைப்பதே முறை. தீனியை மூட்டையாக வாங்கிப் பகிர்வதும், தடுப்பூசிக்கு நாள் குறித்து வீடு வீடாக அறிவிப்பதும், கிணற்றுத் தண்ணீரைச் சோதனைக்கு அனுப்புவதும் சங்கம் செய்யத்தக்க சிறு வேலைகள். ஒவ்வொரு அங்கத்தினரும் ஒரு சிறு நோட்டில் குஞ்சு வாங்கிய தேதி, ஊசி போட்ட தேதி, தீனி வாங்கிய எடையும் விலையும், இறந்தவை, விற்றவை, முதல் முட்டை கண்ட தேதி ஆகியவற்றை எழுதி வருவார்களாக. அடுத்த ஆண்டு குஞ்சு வாங்க முற்படும் அண்டை வீட்டாருக்கு அந்நோட்டைவிட நல்ல ஆசான் வேறில்லை.